அமெரிக்காவில் ஆன்லைன் கவுன்சிலிங்: ஆளைத் தேடுவது முதல் பில் கட்டுவது வரை

வேலை போய்விடுமோ என்ற பயம். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, போக முடியவில்லை. வீட்டுக்குள் எதற்கெடுத்தாலும் வாக்குவாதம். ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. இதற்கெல்லாம் போய் டாக்டரைப் பார்ப்பதா என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட அன்றாடச் சங்கடங்களுக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் கைகொடுப்பவர்கள் கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர்கள், அதாவது கவுன்சிலிங் தர உரிமம் பெற்ற சமூகப் பணியாளர்கள்தான். வீட்டில் இருந்தபடியே வீடியோவில் பேசலாம்.

பேசுவதில் ஒன்றும் கஷ்டமில்லை. அதற்கு முன்னால் வரும் போன் கால்களும் ஃபார்ம்களும்தான் ஆளை அடித்துப்போட்டுவிடும். மனசு சரியில்லாத நேரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் காத்திருப்பு இசையை அரை மணி நேரம் கேட்பது ஒரு தனி தண்டனை. நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் பெயர்கள் மாறும், நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் கீழே உள்ள படிகள் எதுவும் இப்போது வேண்டாம். 988-ஐக் கூப்பிடுங்கள், அல்லது அதே எண்ணுக்கு மெசேஜ் அனுப்புங்கள். இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள், கட்டணம் கிடையாது.

1. யாரைத் தேடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்.சி.எஸ்.டபிள்யூ (உரிமம் பெற்ற கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர்) என்று பெயருக்குப் பின்னால் போட்டிருப்பவர்கள் சோஷியல் வொர்க்கில் முதுகலை படித்து, பிறகு மேற்பார்வையில் பல ஆயிரம் மணி நேரம் வேலை பார்த்து (கலிபோர்னியாவில் 3,000 மணி நேரம்), கிளினிக்கல் தேர்வும் எழுதி உரிமம் வாங்கியவர்கள். பேச்சு வழிச் சிகிச்சை தருவார்கள், நோயறிதலும் எழுதுவார்கள். மாத்திரை எழுத மாட்டார்கள். மாத்திரை தேவைப்படும் என்று பட்டால் உங்கள் குடும்ப டாக்டரிடமோ சைக்கியாட்ரிஸ்ட் என்ற மனநல மருத்துவரிடமோ போகச் சொல்வார்கள்.

எழுத்துகளில் ஒரு குழப்பம் இருக்கிறது. நியூ ஜெர்சியில் எல்.எஸ்.டபிள்யூ என்றால் இன்னும் மேற்பார்வையில் இருப்பவர். நியூயார்க்கில் எல்.எம்.எஸ்.டபிள்யூ, கலிபோர்னியாவில் ஏ.எஸ்.டபிள்யூ. மாசசூசெட்ஸில்தான் தலைகீழ்: அங்கே தனியாகச் சிகிச்சை தரக்கூடியவர் எல்.ஐ.சி.எஸ்.டபிள்யூ, எல்.சி.எஸ்.டபிள்யூ என்பது அதற்கு ஒரு படி கீழே. மேற்பார்வையில் இருப்பவர்களிடம் கட்டணம் குறைவாக இருக்கும், நல்லவர்களும் உண்டு. ஆனால் சில இன்ஷூரன்ஸ் திட்டங்கள் அவர்களுக்குப் பணம் தராது. கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

2. முதலில் ஆபீஸில் இலவசமாக இருக்கிறதா பாருங்கள்

பெரிய கம்பெனிகள் பெரும்பாலானவற்றில் ஈ.ஏ.பி என்று ஒரு திட்டம் இருக்கும். ஊழியர் உதவித் திட்டம். சில செஷன்கள் முழுக்க இலவசம். காப்பே (ஒவ்வொரு முறையும் உங்கள் பங்காகக் கட்டும் தொகை) கிடையாது, டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் வருடத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய தொகை) கிடையாது. எத்தனை செஷன் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எச்-4 விசாவில் வீட்டில் இருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ கூட இது பொதுவாகப் பொருந்தும். இதை நம் ஆட்கள் பலர் தெரிந்துவைத்திருப்பதில்லை.

ஹெச்.ஆரிடம் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? கேட்கவே வேண்டாம். பெனிஃபிட்ஸ் போர்ட்டலில் அந்த எண் இருக்கும். நடத்துவது வெளி நிறுவனம். நீங்களாகப் போனால் யார் போனார்கள், என்ன பேசினார்கள் என்பது கம்பெனிக்குப் போகாது. மேனேஜரே உங்களை அனுப்பிவைத்தால் மட்டும் கதை வேறு. வந்தாரா இல்லையா என்ற அளவுக்குத் தகவல் போகலாம், கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

இதில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: இலவச செஷன்கள் முடிந்த பிறகு அதே ஆளிடம் இன்ஷூரன்ஸில் தொடர முடியுமா? முடியாது என்றால் நாலு வாரம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அஞ்சாவது வாரம் புது ஆளிடம் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

3. ஆளைத் தேடும் முன் இன்ஷூரன்ஸைக் கூப்பிடுங்கள்

எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். போட்டோ பார்த்து, அறிமுகம் படித்து, ஒருவரைப் பிடித்துப்போய், கடைசியில் அவர் இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்கிலேயே, அதாவது அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலிலேயே, இல்லை என்று தெரியவரும்.

இன்ஷூரன்ஸ் கார்டின் பின்பக்கம் பாருங்கள். மனநலத்துக்கு என்று தனி எண் போட்டிருந்தால் அதைத்தான் கூப்பிட வேண்டும். சில திட்டங்களில் மனநலப் பகுதியை வேறொரு கம்பெனி பார்த்துக்கொள்ளும். பேசும்போது இவற்றைக் கேட்டு எழுதிவையுங்கள்:

- வீடியோ செஷனுக்கும் நேரில் போவதற்கும் காப்பே ஒன்றேதானா?
- டிடக்டிபிள் முழுதாகக் கட்டிய பிறகுதான் காப்பே தொடங்குமா, முதல் செஷனில் இருந்தேவா?
- முன் அனுமதி வேண்டுமா?
- நெட்வொர்க்குக்கு வெளியே போனால் எவ்வளவு திரும்ப வரும்? அதற்குத் தனி டிடக்டிபிளா?
- கிளைம் (கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) அனுப்பக் கடைசி நாள் எது?

முடிக்கும்போது பேசியவரின் பெயரையும் அழைப்பின் குறிப்பு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் பில்லில் தகராறு வந்தால் அந்த எண் இல்லாமல் ஒரு வேலையும் நகராது.

ஹெச்.எஸ்.ஏ என்ற மருத்துவச் செலவுச் சேமிப்புக் கணக்குடன் வரும் உயர் டிடக்டிபிள் திட்டத்தில்தான் நம்மில் பலர் இருக்கிறோம், மாத பிரீமியம் குறைவு என்பதால். அந்தத் திட்டங்களில் 2025-ம் ஆண்டுக்கான குறைந்தபட்ச டிடக்டிபிள் தனி நபருக்கு 1,650 டாலர், குடும்பத்துக்கு 3,300 டாலராக இருந்தது. உங்கள் திட்டத்தில் வேறு சலுகை இல்லாவிட்டால், உங்கள் திட்டத்தின் டிடக்டிபிளைத் தொடும் வரை நெட்வொர்க் விலை முழுவதையும் நீங்கள்தான் கட்டுவீர்கள். ஹெச்.எஸ்.ஏ பணத்தில் இருந்தே கட்டலாம் என்பது ஒரு ஆறுதல்.

பெரும்பாலான திட்டங்களில் ஜனவரி 1 அன்று டிடக்டிபிள் மறுபடி சைபரில் இருந்து தொடங்கும். நவம்பரில் 25 டாலர் கட்டிக்கொண்டிருந்தவருக்கு ஜனவரியில் 130 டாலர் பில் வந்தால் அது தப்பு பில் இல்லை. டிசம்பரிலேயே தயாராக இருங்கள்.

இன்ஷூரன்ஸே இல்லை, அல்லது கையில் இருந்து கட்டப்போகிறீர்கள் என்றால்: பெரிய நகரங்களில் ஒரு செஷன் 150 முதல் 250 டாலர் வரை கேட்பது சாதாரணம். வருமானத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள். ஓப்பன் பாத் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பில் ஒருமுறை உறுப்பினர் கட்டணம் கட்டினால் தனிநபர் செஷன் சுமார் 40 முதல் 70 டாலருக்குள் கிடைக்கிறது. 2022 ஜனவரியில் இருந்து, கையில் இருந்து கட்டுபவர்களுக்கு உத்தேசச் செலவை எழுத்தில் தர வேண்டும் என்று மத்தியச் சட்டமே இருக்கிறது. வந்த பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ அதிகமானால், பில் கிடைத்து 120 நாளுக்குள் முறையிடலாம். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வாரச் சந்தா ஆப்கள் வேகமானவை, சரி. ஆனால் அங்கே பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் ஓடாது, நாலு வாரப் பணத்தை மொத்தமாக எடுத்துக்கொள்வதும் உண்டு. அந்தரங்கத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்த விவகாரத்தில் 2023-ல் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் கவுன்சிலிங் நிறுவனத்தின் மீது மத்திய வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கை 78 லட்சம் டாலர் கட்டுவதில் முடிந்தது. சேரும் முன் எந்த ஆப் ஆனாலும் தனியுரிமைப் பக்கத்தை ஒரு முறை படித்துவிடுங்கள்.

4. பட்டியல் போடுங்கள், உரிமத்தைச் சரிபாருங்கள்

இன்ஷூரன்ஸ் இணையதளத்தில் ஒரு பட்டியல் இருக்கும். பாதி பேர் புது ஆட்களை எடுப்பதில்லை, சிலர் ஊரைவிட்டே போயிருப்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். சைக்காலஜி டுடே இணையதளத்தின் டைரக்டரியில் மாநிலம், இன்ஷூரன்ஸ், மொழி என்று சலித்துப் பார்க்கலாம். தெற்காசியத் தெரபிஸ்டுகளுக்கென்றே தனி டைரக்டரியும் உண்டு. தெரபிஸ்டுகளை இன்ஷூரன்ஸோடு இணைத்துவிடும் ஹெட்வே, ஆல்மா போன்ற தளங்களில் உங்கள் இன்ஷூரன்ஸ் கார்டு எண்ணைப் போட்டால் செஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே காட்டும்.

ஒரே தெரபிஸ்ட் இப்படிப்பட்ட தளத்தின் வழியாக நெட்வொர்க்கில் இருப்பார், தன் சொந்த கிளினிக் வழியாக இருக்க மாட்டார். எந்த வழியாக பில் போடுவார் என்று கேட்டு, அதே விவரத்தை இன்ஷூரன்ஸிடம் சொல்லி உறுதி செய்யுங்கள்.

தமிழ் தெரிந்தவர் வேண்டுமா? கிடைத்தால் நல்லது. 'நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னாள்' என்பதற்குப் பின்னால் உள்ள இருபது வருடக் கதையை விளக்க வேண்டியிருக்காது. ஆனால் ஆட்கள் குறைவு, காத்திருப்பு அதிகம். அதோடு உங்கள் ஊரிலேயே இருப்பவர் என்றால் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சாம்பார் வாளியோடு எதிரே வந்து நிற்கக்கூடும். என்னைக் கேட்டால், அதே மாநிலத்தில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் தமிழர், அல்லது கூட்டுக்குடும்பம் என்றால் என்னவென்று புரிந்த வேறொருவர். ஆன்லைன் என்பதன் பெரிய லாபமே இதுதான்.

அடுத்தது உரிமம். செஷன் நடக்கும் நேரத்தில் நீங்கள் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களோ அந்த மாநிலத்தின் உரிமம் அவருக்கு இருக்க வேண்டும். அவர் எங்கே இருக்கிறார், உங்கள் வீட்டு விலாசம் எது என்பது மட்டும் போதாது. நியூ ஜெர்சி எடிசனில் வீடு, நியூயார்க் மன்ஹாட்டனில் ஆபீஸ் என்று இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மதிய உணவு இடைவேளையில் ஆபீஸில் இருந்து பேசினால் நீங்கள் நியூயார்க்கில் இருக்கிறீர்கள். நியூ ஜெர்சி உரிமம் மட்டும் உள்ளவர் அப்போது பேச மாட்டார். இரண்டு மாநில உரிமமும் உள்ளவராகப் பார்த்துப் பிடியுங்கள், எங்கள் பகுதியில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். சைக்காலஜிஸ்டுகளுக்கு (உளவியலாளர்களுக்கு), ஒரு மாநில உரிமத்தோடு பிற மாநிலங்களிலும் பேச வழிசெய்யும் ஒப்பந்தம் ஒன்று உண்டு. அது சோஷியல் வொர்க்கர்களுக்குச் செல்லாது.

மாநில உரிம வாரியத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை, காசில்லை.

5. பதினைந்து நிமிட இலவசப் பேச்சு

பெரும்பாலானவர்கள் முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் இலவசமாகப் பேசுவார்கள். ஒரே நேரத்தில் நாலைந்து பேருக்கு எழுதிப் போடுங்கள், ஒருவர் பதிலுக்காகக் காத்திருந்தால் மாதம் ஓடிவிடும். மெசேஜ் சிறியதாக இருக்கட்டும்: இன்ன மாநிலம், இன்ன இன்ஷூரன்ஸ், இந்த நேரங்கள் தோதுப்படும், தூக்கமும் வேலை அழுத்தமும் பிரச்சனை, வீடியோ மட்டும் போதும். முழுக் கதையும் வேண்டாம்.

பேசும்போது நீங்கள்தான் கேள்வி கேட்கும் இடத்தில் இருக்கிறீர்கள். விசா நிச்சயமின்மை, பெற்றோரைத் தூரத்தில் விட்டுவந்தவர்கள், இப்படிப்பட்டவர்களோடு வேலை பார்த்திருக்கிறீர்களா? எந்த முறையில் செய்வீர்கள்? செஷன் எத்தனை நிமிடம்? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இடம் உண்டா? அந்தச் சாயங்கால நேரம்தான் எல்லாருக்கும் வேண்டும், சுலபத்தில் கிடைக்காது. காலை எட்டு மணிக்குத் தயார் என்றால் வரிசை சட்டென்று குறையும்.

'அப்பா அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள்' என்கிற மாதிரி முதல் பேச்சிலேயே தீர்ப்புச் சொல்பவரை விட்டுவிடுங்கள்.

6. ஃபார்ம்கள்

ஆளைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு லிங்க் வரும். அரை மணி நேரம் ஒதுக்கி உட்காருங்கள். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: அரசு அடையாள அட்டை, இன்ஷூரன்ஸ் கார்டின் இரு பக்கப் படம், கிரெடிட் அல்லது ஹெச்.எஸ்.ஏ கார்டு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் எண். இன்ஷூரன்ஸ் துணைவர் பெயரில் இருந்தால் அவருடைய பிறந்த தேதியும் கேட்பார்கள்.

கார்டு விவரத்தைக் கொடுக்கும் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் ரத்து செய்தால் முழுக் கட்டணமும் எடுத்துக்கொள்வார்கள், காப்பே அளவு அல்ல. இன்ஷூரன்ஸ் இதற்கு ஒரு பைசா தராது. குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே கேளுங்கள், பலர் ஒரு முறை விட்டுக்கொடுப்பார்கள்.

ரகசியம் பற்றிய பக்கம் அதைவிட முக்கியம். நீங்கள் பேசுவது வெளியே போகாது. விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தை மீதோ இயலாத முதியவர் மீதோ கொடுமை, நீதிமன்ற உத்தரவு. 'பிள்ளையை ஒரு அடி அடித்தேன் என்று சொன்னால் போலீஸ் வருமா' என்று நம் வீடுகளில் கேட்காதவர் இல்லை. குழந்தைக் கொடுமை என்று நியாயமான சந்தேகம் வந்தால் சொல்லியே ஆக வேண்டிய சட்டக் கடமை அவருக்கு உண்டு. எது அந்தக் கோட்டைத் தாண்டும் என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. முதல் செஷனிலேயே பொதுவாகக் கேளுங்கள், விளக்குவார்.

இன்னொரு பயம் கிரீன் கார்டு. மருத்துவப் பரிசோதனையில் பார்ப்பது மனநலக் கோளாறோடு சேர்ந்து பிறருக்கோ தனக்கோ தீங்கு விளைவிக்கும் நடத்தை இருக்கிறதா என்பதை. கவலைக்காகவும் தூக்கமின்மைக்காகவும் தெரபிஸ்டிடம் பேசினீர்கள் என்பது மட்டும் கிரீன் கார்டைத் தடுக்காது. பரிசோதனையில் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

7. இடமும் முதல் செஷனும்

ஊரில் இருந்து மாமனார் மாமியார் வந்து ஆறு மாதம் தங்கியிருக்கும் இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது? பலருக்கும் விடை கார்தான். மளிகைக் கடை பார்க்கிங்கின் கடைசி வரிசையில் நிறுத்தி, போனை ஸ்டியரிங்குக்குப் பின்னால் சாய்த்துவைத்து, ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓடக் கூடாது, ஓடினால் செஷனை நிறுத்திவிடுவார்கள். சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள், டிஷ்யூவும். வீட்டில்தான் என்றால் அறைக் கதவுக்கு வெளியே ஒரு ஃபேனை ஓடவிடுங்கள், அலெக்ஸாவைப் பிடுங்கி வையுங்கள்.

ஒவ்வொரு செஷன் தொடக்கத்திலும் 'இப்போது எந்த விலாசத்தில் இருக்கிறீர்கள்' என்று கேட்பார்கள். சந்தேகப்பட்டு அல்ல. ஏதாவது அவசரம் என்றால் உதவி அனுப்ப அவர்களுக்கு இடம் தெரிய வேண்டும். பார்க்கிங்கில் இருந்தால் கடையின் பெயரைச் சொல்லுங்கள்.

முதல் செஷன் பெரும்பாலும் கேள்வி பதில்தான். மனச்சோர்வுக்கு பி.ஹெச்.க்யூ-9, பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 என்று இரண்டு கேள்வித்தாள் தருவார்கள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, கவலை எப்படி என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். 'பரவாயில்லை, சமாளிக்கிறேன்' என்று எல்லாவற்றுக்கும் 0 போடுவது நம் பழக்கம். அங்கே அது வேண்டாம். பி.ஹெச்.க்யூ-9 தமிழிலும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

முதல் நாளே பாரம் இறங்கிவிடாது. சிலருக்கு அன்று ராத்திரி இன்னும் கனமாகத்தான் இருக்கும். அதற்கு அடுத்தாற்போல் ஆபீஸ் மீட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள். அஞ்சாறு செஷன் வரை பார்த்து, ஒட்டவில்லை என்றால் நேராகச் சொல்லி வேறு ஆளைக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பெயர்கூடப் பரிந்துரைப்பார்கள். சொல்லாமல் நழுவுவதுதான் நமக்குச் செலவு, ரத்துக் கட்டணம் வந்து நிற்கும்.

8. பில், கிளைம், தபால்

இன்ஷூரன்ஸ் பணம் தர ஒரு நோயறிதல் குறியீடு வேண்டும். வாழ்க்கை மாற்றத்தால் வரும் சங்கடங்களுக்குப் பலமுறை எழுதப்படுவது எஃப் 43.2 வரிசை. உங்களுக்கு என்ன எழுதப்போகிறார் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பிற்பாடு டேர்ம் இன்ஷூரன்ஸ் (ஆயுள் காப்பீடு) விண்ணப்பத்தில் மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்டால் அதை மறைக்கக் கூடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

பில்லில் பெரும்பாலும் இந்த மூன்று எண்களில் ஒன்று வரும்: 90791 முதல் மதிப்பீட்டு செஷன், 90834 சுமார் 45 நிமிடம், 90837 என்றால் 53 நிமிடமோ அதற்கு மேலோ. நாற்பது நிமிடம் பேசிவிட்டு 90837 வந்திருந்தால் கேளுங்கள்.

நெட்வொர்க்குக்கு வெளியே போனால் முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு சூப்பர்பில் என்ற விரிவான ரசீதை வாங்கி நீங்களே கிளைம் போட வேண்டும். அதில் தெரபிஸ்டின் என்.பி.ஐ எண் (மருத்துவச் சேவை தருபவர்களுக்கான அடையாள எண்), வரி எண், உரிம எண், தேதி, செஷன் குறியீடு, நோயறிதல் குறியீடு, நீங்கள் கட்டிய தொகை எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் திரும்பி வரும். '60 சதவீதம் தருவோம்' என்று சொல்வதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நீங்கள் கட்டியது 180 டாலர், இன்ஷூரன்ஸ் ஏற்கும் தொகை 120 டாலர் என்றால், 120-ல் 60 சதவீதம், அதாவது 72 டாலர்தான் வரும், அதுவும் டிடக்டிபிள் முடிந்திருந்தால். மாதம் ஒருமுறை மொத்தமாக அனுப்புங்கள், வருடக் கடைசிவரை சேர்க்காதீர்கள்.

துணைவரின் இன்ஷூரன்ஸில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஒவ்வொரு செஷனுக்கும் ஈ.ஓ.பி என்ற விவரக் கடிதம் பிரதான உறுப்பினர் பெயருக்குப் போகும். யாரிடம், எந்தத் தேதியில் போனீர்கள் என்பது அதில் தெரியலாம். வீட்டில் தெரிய வேண்டாம் என்றால், செஷன் தொடங்கும் முன்பே இன்ஷூரன்ஸைக் கூப்பிட்டு, கடிதங்களைத் தனியாக என் மின்னஞ்சலுக்கோ வேறு விலாசத்துக்கோ அனுப்புங்கள் என்று ரகசியத் தொடர்புக் கோரிக்கை வையுங்கள். தெரிந்தால் உங்களுக்கு ஆபத்து என்ற நிலையில் ஹிப்பா என்ற மத்திய மருத்துவத் தனியுரிமைச் சட்ட விதிப்படி அவர்கள் இதற்கு இசைய வேண்டும். கலிபோர்னியாவில் 2022 ஜூலையில் இருந்து மனநலச் சேவைக்குக் காரணமே சொல்லத் தேவையில்லை. இதெல்லாம் நடக்காது என்று பட்டால் ஈ.ஏ.பி, அல்லது கையில் இருந்து கட்டுவது.

9. ஊருக்குப் போகும் மாதம்

டிசம்பரில் சென்னை போகிறீர்கள் என்றால் அங்கிருந்து வீடியோவில் தொடரலாம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க உரிமம் அங்கே பொருந்தாது, பெரும்பாலானவர்கள் மறுத்துவிடுவார்கள். டிக்கெட் போட்டதும் தேதிகளைச் சொல்லிவிடுங்கள். போகும் முன் ஒரு செஷன், வந்த வாரமே ஒன்று என்று நேரத்தைப் பிடித்துவையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சாயங்கால இடம் வேறொருவருக்குப் போய்விடும். அங்கே இருக்கும்போது தேவைப்பட்டால் இந்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், இலவசம்.

எஃப்.எஸ்.ஏ கணக்கில் (ஆபீஸ் வழியாக மருத்துவச் செலவுக்கு ஒதுக்கும் கணக்கு) பணம் வைத்திருப்பவர்கள் விமானம் ஏறும் முன் மீதியைப் பாருங்கள். பொதுவாகத் திட்ட ஆண்டுக்குள் நடந்த செஷன்களுக்குத்தான் அந்தப் பணம். மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோவதற்கு வரம்பு உண்டு, சில கம்பெனிகள் அதைக்கூட அனுமதிப்பதில்லை.